தளங்களைத் தாங்காத நடுத்தூண்

ஜப்பானின் நாரா நகருக்குப் பக்கத்தில், ஹோரியூஜி கோயிலில் ஐந்து அடுக்கு மரக்கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 32 மீட்டர், வயது ஏறக்குறைய 1300. நிலநடுக்கம் ஓயாத ஊரில் மரக்கோபுரம் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது? நடுவே அடி முதல் நுனி வரை ஓடும் பெருந்தூணைப் பார்த்தால் மொத்த பாரமும் அதன் மேல்தான் என்று தோன்றும். ஆனால் எந்தத் தளமும் அதன்மேல் உட்காரவில்லை. உச்சிக் கலசத்தை மட்டுமே அது சுமக்கிறது.

சரி, அப்புறம் அந்தத் தூண் எதற்கு? சாஞ்சிக்குப் போனால் விடை கிடைக்கும். அங்கே அரைக்கோள ஸ்தூபியின் உச்சியில் ஒரு கம்பமும் மூன்று கல் குடைகளும் இருக்கின்றன. அரசனுக்குக் குடை பிடிப்பதுபோல, உள்ளே வைத்த புனித எச்சத்துக்கு (புத்தரின் எலும்பு, சாம்பல் போன்றவை) பிடித்த குடை. இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கமுள்ள காந்தாரத்தில் ஸ்தூபி ஒல்லியாகி உயர்ந்தது, குடைகள் பெருகின. சீனாவில் அது உள்ளூர் அடுக்குமாளிகையோடு கலந்தபோது மேடு மறைந்தது, குடைகள் கலசத்தின் வளையங்களாகச் சுருங்கின. கொரியாவின் பெக்சே நாட்டுக் கைவினைஞர்கள் வழியாக அந்த வடிவம் 6ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்தது. கம்பம் மட்டும் தொலையவே இல்லை. ஹோரியூஜி தூணின் அடிக்கல்லுக்குள் எச்சம், தலையில் குடை வளையங்கள். அதே சாஞ்சிக் கம்பம்தான், நீண்டிருக்கிறது.

பாரத்தைச் சுமப்பது சுற்றியுள்ள தூண்கள். அவையும் கீழிருந்து மேல்வரை ஒரே மரமாக ஓடுவதில்லை. பிடி மாட்டாத டிபன் கேரியர்போல ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தரை குலுங்கும்போது ஓர் அடுக்கு இடப்பக்கம் போனால் அடுத்தது வலப்பக்கம் போகும், கோபுரமே பாம்புபோல நெளியும். தூண் தலையில் கூரையைத் தாங்கும் போதிகைகளும் மரப் பொருத்துகளும் ஒன்றோடொன்று உராய்ந்து குலுக்கலின் வேகத்தைத் தின்றுவிடும். ஓடு வேய்ந்த கனத்த கூரை நாலாபுறமும் வெகுதூரம் நீண்டிருப்பது, கழைக்கூத்தாடி கையிலுள்ள நீளக் கழியைப்போல ஆட்டத்தை மெதுவாக்கும். இத்தகைய கோபுரங்கள் நிலநடுக்கத்தில் விழுந்தது மிக அரிது. தீக்கு இரையானவைதான் அதிகம். கியோட்டோவின் தோஜி கோபுரம் நான்கு முறை எரிந்தது, இப்போது இருப்பது 1644இல் கட்டியது.

இதில் நடுத்தூணுக்கும் பங்கு உண்டா? அடுக்குகள் அளவுமீறிச் சாயும்போது அது முட்டுக்கொடுத்துத் திருப்பிவிடும் என்பது ஒரு விளக்கம். ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துச் சொல்லவில்லை.

என்னைக் கவர்ந்தது டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ ஊரிலுள்ள ஐந்து அடுக்குக் கோபுரம். 1818இல் திரும்பக் கட்டியபோது தச்சர்கள் நடுத்தூணை நான்காம் அடுக்கிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அடியில் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி. காரணம், மரத்தின் குணம். மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. படுக்கவைத்த மரங்களால் ஆன அடுக்குகள் வருடம் போகப்போகக் கீழே இறங்கும், நிற்கும் தூணோ இறங்காது. அப்போது உச்சியில் கூரைக்கும் கலசத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து மழை ஒழுகும். தொங்கும் தூண் கோபுரத்தோடு சேர்ந்தே இறங்கிவிடும்.

2012இல் திறந்த 634 மீட்டர் டோக்கியோ ஸ்கைட்ரீ ஒளிபரப்புக் கோபுரத்தின் நடுவிலும் 375 மீட்டர் உயரக் கான்கிரீட் தூண் ஒன்று இருக்கிறது. கீழ்ப்பகுதியில் அது சுற்றியுள்ள எஃகுச் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது, மேல்பகுதியில் விலகி நிற்கிறது, அங்கே இரண்டுக்கும் நடுவே எண்ணெய் அதிர்வுத்தாங்கிகள். கோபுரத் தச்சர்கள் நடுத்தூணைக் குறித்த 'ஷின்பஷிரா' என்ற சொல்லையே பொறியாளர்கள் அதற்கும் வைத்திருக்கிறார்கள்.