குடோனுக்கும் கடைக்கும் நடுவே காணாமல் போகும் சரக்கு

காலை 6 மணிக்கு மதுரைக் குடோனில் லோடு ஏறுகிறது. திண்டுக்கல் கிளைக்கான 62 பெட்டியையும் ஏற்றி முடித்ததும் குடோன் கணக்கர் கணினியில் டிரான்ஸ்பர் போட்டு சேமிக்கிறார். அந்த நொடியே குடோன் இருப்பில் 62 குறைந்து, கிளை இருப்பில் 62 ஏறிவிடுகிறது. வண்டி இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. எட்டரை மணிக்குத் திண்டுக்கல்லில் ஒருவர் போன் செய்து இரண்டு டின் நல்லெண்ணெய் கேட்கிறார். பில்லிங்கில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு "இருக்கு, வாங்க" என்கிறார். அலமாரியில் ஒரு டின்கூட இல்லை. வண்டி வாடிப்பட்டிப் பக்கம் டயர் மாற்றிக்கொண்டு நிற்கிறது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. சரக்கு சாலையில் இருக்கும் நேரத்துக்கு மென்பொருளில் ஓர் இடம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஐந்தாறு கிளை வைத்திருக்கும் மளிகை, சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களில் "ஸ்டாக் டேலி ஆகவில்லை" என்ற புலம்பலைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஒரே படி டிரான்ஸ்பர்தான் அடியில் கிடக்கும்.

வழியில் உள்ள சரக்குக்கு ஒரு குடோன்

டிரான்ஸ்பர் என்பது இரண்டு பதிவு. குடோன் அனுப்பும்போது ஒன்று, கிளை எண்ணி வாங்கும்போது ஒன்று. நடுவில் சரக்கு "வழியில்" என்ற கணக்கில் நிற்க வேண்டும். அது குடோன் இருப்பிலும் சேராது, கிளையில் பில் போடவும் வராது.

டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் ஸ்டாக் ஜர்னல் என்ற இருப்பு மாற்றப் பதிவு ஒரே வவுச்சரில் இரண்டு பக்கத்தையும் முடித்துவிடும். அதனால் "வழியில் – திண்டுக்கல்", "வழியில் – தேனி" என்று கிளைக்கு ஒரு கற்பனைக் குடோனை நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அனுப்பும்போது குடோனிலிருந்து அதற்கு ஒரு ஜர்னல், சரக்கு இறங்கியதும் அதிலிருந்து கிளைக்கு இன்னொன்று. எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரே "வழியில்" குடோன் வைத்தால், ஒரு கிளையின் குறைவும் இன்னொரு கிளையின் மிகுதியும் ஒன்றையொன்று தின்று மறைந்துவிடும். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளில் சரக்கை வழிக் கணக்கில் வைக்கும் வசதி டிரான்ஸ்பர் பதிவிலேயே உண்டு, டிக் செய்தால் போதும். சாப் (SAP) மென்பொருளில் பதிவு வகைக்கு எண் உண்டு: 303 அனுப்புதல், 305 பெறுதல். 301 போட்டால் ஒரே படியில் முடிந்துவிடும். எந்த மென்பொருளை வாங்கினாலும் டெமோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "வண்டி பாதி வழியில் இருக்கும்போது இந்தச் சரக்கு எந்தத் திரையில் தெரியும்?"

இரண்டு படி வந்துவிட்டால் காலையில் பார்க்க வேண்டிய அறிக்கையும் ஒன்றுதான்: 48 மணி நேரத்துக்கு மேல் வழியில் நிற்கும் சரக்கு. மதுரையிலிருந்து தேனிக்கு வண்டி சில மணி நேரத்தில் போய்விடும். மூன்று நாளாக அந்தக் கணக்கில் ஏதாவது நின்றால், ஒன்று கிளை பதிவு போடவில்லை, அல்லது பொருள் போய்ச் சேரவில்லை.

எண்ணாமல் போடும் கையெழுத்து

இரண்டு படி வைத்தும் கணக்கு கெடுவது பெறும் இடத்தில்தான். திரையில் "62 பெட்டி" என்று முன்கூட்டியே நிரம்பியிருக்கும், கீழே "அனைத்தையும் ஏற்கவும்" என்று ஒரு பொத்தான். வாசலில் வாடிக்கையாளர் கூட்டம், வண்டிக்காரர் அடுத்த கிளைக்குப் போக அவசரப்படுகிறார். பொத்தானை அமுக்குவதைத் தவிர வேறென்ன நடக்கும்? அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள். அனுப்பிய எண்ணிக்கை தெரியாமல் ஸ்கேன் செய்து எண்ண வேண்டும், எண்ணி முடித்துச் சமர்ப்பித்த பிறகே வித்தியாசம் தெரிய வேண்டும். இதில் ஒரு ஓட்டை உண்டு. டிரைவர் கையில் இருக்கும் சலானில் (சரக்கோடு போகும் சீட்டு) எண்ணிக்கை அச்சாகியிருக்கிறது, சட்டப்படி இருந்தாக வேண்டும். எனவே எண்ணி முடியும்வரை சலான் கிளை மேனேஜரிடம் இருக்கட்டும், இறக்குபவர் கைக்குப் போக வேண்டாம்.

எல்லாவற்றையும் உடைத்து எண்ணச் சொன்னால் யாரும் எண்ண மாட்டார்கள். கம்பெனி டேப் பிரியாத பெட்டியைப் பெட்டியாகவே எண்ணினால் போதும். சில்லறையாக எடுத்துக் கலந்து கட்டிய பெட்டிகளை மட்டும் பொருள் பொருளாக எண்ண வேண்டும், தவறு குடியிருப்பது அங்கேதான். ஒவ்வொரு கலப்புப் பெட்டிக்கும் தனி எண், தனி பார்கோடு. குடோனில் அந்தப் பெட்டிக்குள் எதை வைத்தாலும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

குறைவு வந்தால் உடனே திருட்டு என்று கிளம்பாதீர்கள். விருதுநகர், சிவகாசி இரண்டுக்கும் ஒரே வண்டி போகிறது. விருதுநகரில் ஒரு பெட்டி சீயக்காய்த்தூள் குறைவு. முதலில் பார்க்க வேண்டிய இடம் சிவகாசிக் கிளை, அங்கே ஒரு பெட்டி கூடுதலாக இறங்கியிருக்கும். குறைவைச் சொல்லக் கிளைகள் துடிக்கும், மிகுதியைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. திரையில் எண்ணிக்கையை மறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே டிரிப்பில் போன கிளைகளின் வித்தியாசங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் அறிக்கை ஒன்று இருந்தால் பாதிச் சண்டை ஓயும்.

அதற்கும் தீராத குறைவை மட்டும் காரணம் எழுதி, பொறுப்பானவர் ஒப்புதலோடு தள்ளுபடி செய்ய வேண்டும். தள்ளுபடி செய்தால், தொலைந்த, திருடுபோன, அழிந்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்). குறைவை "ஸ்டாக் சரிக்கட்டல்" என்ற பொதுப் பெயரில் புதைத்துவிட்டால் இந்தத் தொகை ஆடிட்டர் கண்ணில் படாமலே போகும்.

திருடன் இல்லாத திருட்டு

ஒரு பிஸ்கட் கம்பெனி பெட்டிக்கு 24 பாக்கெட் போட்டதை 20 ஆக்கிவிடுகிறது. கணினியின் பொருள் மாஸ்டரில் (பொருள் விவரப் பட்டியல்) யாரும் மாற்றவில்லை. குடோன் 15 பெட்டி அனுப்புகிறது. கணினி 360 பாக்கெட் என்கிறது, கடையில் இறங்குவது 300. அறுபது பாக்கெட்டை யாரும் எடுக்கவில்லை, ஆனால் அறுபதுக்கும் கிளை மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டி அளவு மாறினால் பழைய மாற்று விகிதத்தைத் திருத்தாமல், புதிய பெட்டிக்குப் புதிய பார்கோடும் புதிய அலகும் கொடுங்கள். பழையதைத் திருத்தினால் குடோனில் மிச்சமிருக்கும் பழைய பெட்டிகளின் கணக்கு கெடும்.

மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரே உறையில் வரும் சோப்பும் இதே வகைதான், குடோனில் 1, கடையில் 4. அரிசியில் இன்னொரு கூத்து. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. சந்தையில் 26 கிலோ மூட்டை முளைத்தது. இரண்டையும் "மூட்டை" என்று ஒரே கோடில் வைத்திருந்தால், 40 மூட்டைக்கு 40 கிலோ கணக்கில் ஆடும், வரியும் தப்பாகும்.

எம்.ஆர்.பி. தனித் தலைவலி. பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் ஒரே பார்கோடில் வரும். டிரான்ஸ்பர் பதிவு பேட்ச் (தயாரிப்புத் தொகுதி எண்), எம்.ஆர்.பி., காலாவதித் தேதி மூன்றையும் சுமந்து போகாவிட்டால், 95 ரூபாய் அச்சடித்த பாக்கெட்டுக்குக் கிளை 102 ரூபாய் பில் போடும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றம், தவறு மென்பொருளுடையது என்று ஆய்வாளரிடம் சொல்லிப் பயனில்லை. குடோனில் எடுக்கும் வரிசையும் முதலில் வந்தது முதலில் என்று இருக்கக் கூடாது. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும்.

வெல்லம், புளி, வெங்காயம் போன்றவை உலரும், எடை குறையும். இவற்றுக்குப் பொருள்வாரியாக ஒரு சகிப்பு அளவை நிர்ணயித்து, அதற்குள் இருந்தால் தானாக முடிந்துவிடட்டும். அந்த அளவு எத்தனை சதவீதம் என்பதை உங்கள் தராசில் ஒரு மாதம் எடை போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கும் பற்பசைக்கும் சகிப்பு கிடையாது.

சலானும் ஈ-வே பில்லும்

சென்னைக் குடோனிலிருந்து கன்னியாகுமரிக் கிளைக்கு 700 கிலோமீட்டர் சரக்கு போனாலும், இரண்டும் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் இருந்தால் வரி இல்லை, ஜி.எஸ்.டி. விதி 55 படி டெலிவரி சலான் போதும். விழுப்புரத்திலிருந்து பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக் கிளைக்குப் போனால் வரி உண்டு. அது வேறு பதிவு எண், சட்டத்தின் கண்ணில் வேறு நபர். மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரியுடன் இன்வாய்ஸ் போட வேண்டும், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் அரசுத் தளத்தில் பதியும் ஈ-இன்வாய்ஸும் எடுக்க வேண்டும். பெறும் கிளைக்கு முழு உள்ளீட்டு வரி எடுக்கத் தகுதி இருந்தால், இன்வாய்ஸில் போடும் மதிப்பே சந்தை மதிப்பாக ஏற்கப்படும். வரிவிலக்குப் பொருளும் விற்கும் மளிகைக் கடைக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விலையை அமையுங்கள். மென்பொருள் இரண்டு ஜி.எஸ்.டி. எண்களையும் ஒப்பிட்டு, சலானா இன்வாய்ஸா என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும். கணக்கரின் நினைவை நம்பி விடும் வேலை இல்லை.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு ஈ-வே பில் (சரக்கு போவதற்கு அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும். செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் ஈ-வே பில்லின் பகுதி ‘பி’யில் புதிய வண்டி எண்ணைப் பதிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கிளைக்கு ஒரு சலான், ஒவ்வொன்றும் மூன்று பிரதி.

சலான் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. மூன்றெழுத்துக் குடோன் குறி, மூன்றெழுத்துக் கிளைக் குறி, நான்கிலக்க நிதியாண்டு, நான்கிலக்க வரிசை எண், இடையில் மூன்று சாய்கோடு, கூட்டினால் 17. பார்க்க ஒழுங்காக இருக்கும், செல்லாது. தீபாவளி நெருக்கத்தில் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கும் கூடுதல் குடோனையும் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும், மாற்றம் நடந்த 15 நாளுக்குள். பலர் மறப்பது இதைத்தான்.

எவ்வளவு அனுப்புவது

தினமும் 12 பாக்கெட் விற்கும் பொருள். வண்டி வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும். நீண்ட இடைவெளி 4 நாள், ஆர்டர் போட்டு வந்து சேர ஒரு நாள், ஆக 5 நாளுக்கு 60. அவசரக் கையிருப்பு 24. உச்ச அளவு 84. கடையில் இப்போது 30, வழியில் 24. தேவை 30, பெட்டிக்கு 24 என்பதால் ஒரு பெட்டி. குறையும் 6-ஐ அவசரக் கையிருப்பு தாங்கிக்கொள்ளும். வழியில் உள்ள 24-ஐ மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை என்றால் தேவை 54 என்று காட்டி இரண்டு பெட்டி அனுப்பும், கடையில் 102 சேரும். இரண்டு படிப் பதிவு இல்லாத நிறுவனங்களில் பின்னறை நிரம்பி வழிவது இப்படித்தான். ஆடி, தீபாவளி, பொங்கலுக்குக் கணினி சொல்லும் தினசரி சராசரியை நம்பாதீர்கள், போன வருஷம் அதே வாரம் விற்றதை எடுத்துக் கையால் மாற்றுங்கள்.

இன்னொரு பொறி மைனஸ் இருப்பு. பதிவு போடும் முன்பே பெட்டியை உடைத்துக் கடைக்காரர் விற்றுவிடுவார், இருப்பு மைனஸ் 7 என்று காட்டும். பில்லை நிறுத்தினால் வரிசை தேங்கும், அனுமதித்தால் சராசரிக் கொள்முதல் விலை குழம்பி லாபக் கணக்கு கெடும். பில்லை விடுங்கள், ஆனால் அன்றிரவு கணக்கு மூடும் முன் மைனஸ் பட்டியல் காலியாக வேண்டும் என்று பூட்டு வையுங்கள். நெட் இல்லாமல் பில் போட்ட கவுண்டரின் விற்பனை மேலே ஏறிவிட்டதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அனுப்பும் அளவு தப்பாகும்.

கடையிலிருந்து திரும்பும் சரக்குக்கும் இதே இரண்டு படிதான். உடைந்தது, காலாவதி நெருங்கியது, ஓடாதது என்று காரணக் குறி போட்டு அனுப்புங்கள். குடோனில் அது விற்பனை இருப்பில் சேராமல் "பழுது" இடத்தில் இறங்கட்டும். இல்லையென்றால் உடைந்த பாட்டிலை மென்பொருள் மறுபடி சிவகாசிக்கு அனுப்பச் சொல்லும்.

மார்ச் 31 இரவு வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. ஓட்டியே ஆக வேண்டுமென்றால், சாலையில் இருக்கும் சரக்கை இறுதி இருப்பில் தனி வரியாகக் காட்டி, அந்தச் சலான் எண்களின் பட்டியலை அச்செடுத்து இருப்புக் கணக்கோடு கோத்து வையுங்கள். ஏப்ரல் 1 அன்று பெறும் கிளை பதிவைப் பின்தேதி போட்டு மார்ச்சில் நுழைக்க முடியாதபடி, 31 இரவே தேதியைப் பூட்டிவிடுங்கள்.