கையெழுத்துப் பிரதியும் கையெழுத்தும்

நாவல், சிறுகதைப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். கதை எழுதுவது கலை, திருத்துவது இலக்கண வேலை, ஒப்பந்தம் பேசுவது பணத்தாசை என்று நினைக்கும் புதிய எழுத்தாளர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு சிறுகதை, மழை பெய்யும் மாலையைப் பற்றிய இரண்டு பக்க வருணனையோடு தொடங்கியது. மூன்றாம் பக்கத்தில் ஒரு தாய், அடிப்பிடித்த சோற்றுப் பானையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே, கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட மகளைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த வரியே, "அவள் மனம் சொல்லொணாத் துயரத்தில் மூழ்கியது." சுரண்டும் ஓசையும் அந்தப் பெயரும் சொல்லிவிட்டதை ஏன் மறுபடியும் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, "அது என் நடை, அதில் கைவைக்காதீர்கள்" என்றார். அவருக்கே உரிய பார்வை பானையில் இருந்தது. நடை என்று அவர் காத்து நின்ற வாக்கியமோ எத்தனையோ கதைகளில் நான் படித்துச் சலித்தது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அந்த வரி வந்ததும் அவரே நிறுத்திப் பேனாவைக் கேட்டார். மழையில் மூன்று வரிகள் மட்டும் தப்பின, அவையும் கதையின் நடுவில்.

வெட்டுவதெல்லாம் செம்மையாக்கம் ஆகிவிடாது. வாசகருக்குப் புரியாது என்று அஞ்சி நல்ல வட்டாரச் சொற்கள் சிலவற்றைத் தொடக்க காலத்தில் நானே கொன்றிருக்கிறேன்.

'நான் கலைஞன்' என்ற எண்ணம் பெரிய சேதத்தை விளைவிப்பது ஒப்பந்தத்தில்தான். தொலைபேசிப் பேச்சை நம்பி நாவலைக் கொடுத்த நண்பர் ஒருவருக்கு, எத்தனை படிகள் அச்சாயின என்பது இன்றுவரை தெரியாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19-இன்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கொடுப்பவர் அல்லது அவருடைய முகவரின் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே, "அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்று ஒப்பந்தத்தில் வரும் ஒரு வரி, சட்டம் தரும் இந்தப் பாதுகாப்புகளில் சிலவற்றை ஓசையில்லாமல் பறித்துக்கொள்ளக்கூடும். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். உரிமையை விற்ற பிறகும், படைப்பு தம்முடையது என்று கோரவும், தம் நற்பெயருக்குக் கேடு செய்யும் சிதைப்பை எதிர்க்கவும் பிரிவு 57 ஆசிரியருக்கு இடம் தருகிறது.

பானைக் கதையை எழுதியவர் தம் தொகுப்புக்கு வந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்பியிருந்தார். "திரைப்பட உரிமை உட்பட" என்ற சொற்களின் கீழே பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறி. வாய்விட்டுப் படித்தபோது அந்த இடத்தில் தடுக்கியதாம்.