ஊபா கைதும் ஜாமீனும்: அரசு எங்கெல்லாம் காரணம் சொல்லியாக வேண்டும்?

ஊபாவில் உள்ளே போனால் வெளியே வர முடியாது என்பார்கள். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, காகிதத்திலும் நாள் கணக்கிலும் இருக்கிறது.

ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 1967-ல் வந்தது. 2004-ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவை ரத்து செய்தபோது பயங்கரவாதக் குற்றங்களை இதற்குள் கொண்டுவந்தார்கள். ஜாமீனை இறுக்கும் 43டி பிரிவு, 2008 மும்பைத் தாக்குதலை அடுத்துச் சேர்ந்தது.

கைதானவரிடம் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் அச்சுப் படிவம் போதாது. இந்த ஆள் மீது என்ன குற்றச்சாட்டு என்பது அதில் இருக்க வேண்டும். அப்படிக் கொடுக்காததால்தான் நியூஸ்கிளிக் செய்தி இணையதளத்தின் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

அடுத்தது நாள் கணக்கு. 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். முடியாவிட்டால், விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அறிக்கை தர வேண்டும். நீதிமன்றம் ஏற்றால் மொத்தம் 180 நாள் வரை நீளும். கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. வக்கீல்கள் ‘டீஃபால்ட் பெயில்’ என்பது இதைத்தான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள்.

மகாராஷ்டிராவில் 2018-ல் நடந்த வன்முறையை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். அவகாசத்தை நீட்டித்த நீதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லி, அதில் கைதான வழக்கறிஞர் சுதா பரத்வாஜுக்கு 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அதே வழக்கில் எட்டுப் பேருக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் உரிய நேரத்தில் மனு போடவில்லையாம்! குற்றவாளியா நிரபராதியா என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கதை வேறு. ஜாமீன் கேட்டால் நீதிபதி போலீஸின் காகிதங்களைப் படிப்பார். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாகப் பட்டால் ஜாமீன் கிடையாது. இந்தக் கட்டத்தில் சாட்சியங்களை அலசி எடைபோடக் கூடாது என்று 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அரசுத் தரப்புக்கு வசதியாகப் போயிற்று. 2021-ல் நஜீப் வழக்கில் ஒரு வாசல் திறந்தது: வருஷக்கணக்காக உள்ளே இருக்கிறார், விசாரணை இப்போதைக்கு முடியாது என்றால், உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 43டி-யை மீறியும் ஜாமீன் தரலாம். அதே வருஷம் ஜூலையில், பீமா கோரேகான் வழக்கில் கைதாகியிருந்த, திருச்சிப் பக்கம் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே 84 வயதில் இறந்தார்.

வீட்டில் யாராவது சிக்கினால் முதலில் எஃப்.ஐ.ஆரில் பிரிவு எண்களைப் பாருங்கள். சட்டவிரோத நடவடிக்கைக்கான 13-வது பிரிவு மட்டும் என்றால் இந்த ஜாமீன் தடை பொருந்தாது. பயங்கரவாதம் தொடர்பான, சட்டத்தின் 4, 6-ம் அத்தியாயக் குற்றங்களுக்குத்தான் அது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தால், 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்.