ஜாயின் என்றால் இணைவு

டேட்டா வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்கிற சொல் 'ஜாயின்': இரண்டு அட்டவணைகளில் பொதுவான ஒன்றைப் பார்த்து வரிசைகளைச் சோடி சேர்ப்பது. இந்தச் சொல்லின் வேர் லத்தீனின் 'யுங்கெரே'. நுகத்தில் பூட்டுவதற்கும் அதே சொல்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை விளக்கிய கட்டுரையில் இதை எடுத்தாண்டார். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ஏரை இழுக்கின்றன, ஆனாலும் மாடு இரண்டுதான்.

ஓடைபோல் வந்துகொண்டே இருக்கும் தரவைக் கையாளும் மென்பொருள் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ். 2016இல் வந்த அதில் 'கேடேபிள்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கீக்கும் (வரிசையை அடையாளம் காட்டும் எண் அல்லது பெயர்) கடைசியாக வந்த மதிப்பை மட்டும் வைத்திருக்கும் அட்டவணை அது. ஆர்டர்களுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, இரண்டிலும் கீ ஆர்டர் எண் என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் ஜாயின் செய்வோம். 1047 என்ற ஆர்டர் வந்ததும் ஒன்றும் நடக்காது. அதன் சோடி இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 1047க்குப் பணம் வருகிறது. உடனே இரண்டும் சேர்ந்த வரி, அதாவது அட்டவணையின் ஒரு வரிசை, பிறக்கிறது. அப்புறம் வாடிக்கையாளர் முகவரியை மாற்றினால் அந்த வரி புதிதாக எழுதப்படும். பண அட்டவணையில் 1047இன் வரியை நீக்கினால் சேர்ந்த வரியும் போய்விடும். ஒரு முறை ஓட்டி முடிக்கிற வேலை இல்லை இது, எந்தப் பக்கம் அசைந்தாலும் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற உறவு. இரண்டு பக்கமும் பார்ட்டிஷன் (தரவைப் பிரித்து வைக்கும் பகுதி) எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்: ஒரே எண்ணின் இரு வரிகளும் ஒரே கைக்கு வந்து சேர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒன்றிணைப்பு' என்பதை நான் ஏற்கமாட்டேன். அது 'மெர்ஜ்'. கீயைப் பார்க்காமல் இரண்டு ஓடைகளை ஒன்றாக விடுவது காஃப்கா ஸ்ட்ரீம்ஸில் தனி வேலை. அதற்குக் 'கலத்தல்' போதும். 'இணைப்பு' நல்ல சொல்தான், ஆனால் லிங்க், கனெக்‌ஷன், மின்னஞ்சலோடு வரும் கோப்பு எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்துவிட்டோம். நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பார்த்துச் சேர்க்கிற 'புணர்ச்சி' மிக நெருங்கி வருகிறது. இன்று வேறு பொருள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

என் தேர்வு 'இணைவு'. 'இணை' என்றாலே சோடி. இணையடி என்றால் இரண்டு பாதங்கள், இணைபிரியாதவர்கள் என்றால் இரண்டு பேர். இரண்டாக இருந்துகொண்டே சேர்ந்திருப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சோடி கிடைக்காவிட்டாலும் இடப்பக்க அட்டவணையின் வரியை விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயினை 'இட இணைவு' எனலாம்: பணம் வராவிட்டாலும் ஆர்டர் 1047 வெற்றிடத்தோடு நிற்கும்.