ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் ஏன் அத்தனை அதிர்ஷ்டம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆர் (R) என்ற நிரல்மொழியில் புள்ளியியல் பழகிவருகிறேன். விதை எண்ணாக 42 கொடுத்து, 1 முதல் 10 வரை குலுக்கினால் 10, 9, 3, 6, 4, 8, 5, 1, 2, 7 வரும் என்று பாடநூலில் போட்டிருக்கிறது. அதே வரிகளை அப்படியே அடித்தால் எனக்கு 1, 5, 10, 8, 2, 4, 6, 9, 7, 3 வருகிறது. இது மென்பொருளில் உள்ள பிழையா? யாரிடம் சொல்வது?"

பிழைதான். ஆனால் அது இருந்தது உங்கள் கணினியில் அல்ல, அந்த நூல் எழுதப்பட்ட காலத்து ஆரில். 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு வருவது திருத்திய பிறகு வரும் வரிசை.

கணினி தரும் தற்செயல் எண்கள் உண்மையில் ஒரு சூத்திரத்திலிருந்து வருபவை, விதை எண் அந்தச் சூத்திரத்தின் தொடக்கம், ஒரே விதைக்கு எப்போதும் ஒரே வரிசைதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிழை இருந்தது சூத்திரத்தில் இல்லை, அதற்கு அடுத்த படியில்.

ஆர் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரமான மெர்சென் ட்விஸ்டர் ஒவ்வொரு முறையும் 32 பிட் (0, 1 என்ற இரும இலக்கங்கள்) கொண்ட எண் ஒன்றைக் கொடுக்கும். அதாவது 2-இன் 32ஆம் அடுக்கு, ஏறக்குறைய 429 கோடி வாய்ப்புகளில் ஒன்று. அதை அந்த அடுக்காலேயே வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு பின்னம் கிடைக்கும். 'சாம்பிள்' என்ற ஃபங்ஷன் அந்தப் பின்னத்தை நாம் கேட்ட அளவால் பெருக்கி, தசமப் பகுதியை வெட்டிவிட்டு, 1 கூட்டித் தரும். 10 எண்களில் ஒன்று வேண்டுமா, பத்தால் பெருக்கு, வெட்டு, ஒன்று கூட்டு. பார்த்தால் இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் தோன்றும்.

சரி, பெரிய அளவு ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம். 2-இன் 32ஆம் அடுக்கில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 171 கோடியே 79 இலட்சத்து 86 ஆயிரத்து 918.4. இப்போது வகுத்தலும் பெருக்கலும் சேர்ந்து, உள்ளே வரும் எண்ணை 0.4-ஆல் பெருக்குவதாகச் சுருங்கிவிடுகிறது. உள்ளே 0, 1, 2, 3, 4 வந்தால் வெளியே 0, 0.4, 0.8, 1.2, 1.6. தசமத்தை வெட்டுங்கள்: 0, 0, 0, 1, 1. அடுத்த ஐந்தையும் போட்டுப் பாருங்கள்: 2, 2, 2, 3, 3. கடைசிவரை இதே கதைதான். ஐந்து மிட்டாயை உடைக்காமல் இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிக்கிற மாதிரி, எப்போதும் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு இரண்டு. இங்கே மூன்று வாங்குவது 0, 2, 4... அப்புறம் 1 கூட்டுகிறோம் அல்லவா? ஆகவே அதிர்ஷ்டம் அடிப்பது 1, 3, 5... என ஒற்றைப்படை எண்களுக்கு.

2018-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கெல்லி ஆட்டபோனி, ஃபிலிப் ஸ்டார்க் இருவரும் இந்தச் சாய்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்டார்க் தேர்தல் முடிவுகளைத் தணிக்கை செய்யும் முறைகளை உருவாக்கியவர். எந்த வாக்குச்சீட்டை எடுத்துப் பார்ப்பது என்பதைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை அது. அவருக்கு இது உறுத்தாமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, பிழையை நிரூபிக்கும் ஒரு சின்ன நிரல். மேலே சொன்ன 171 கோடிச் சொச்சத்தை அளவாகக் கொடு, பத்து இலட்சம் முறை எடு, இரண்டால் வகுத்து மீதியை எண்ணு. மூன்றே வரி. சரியான கருவியாக இருந்தால் இரட்டையும் ஒற்றையும் ஐந்தைந்து இலட்சம் வர வேண்டும். சில நூறு முன்னே பின்னே இருக்கலாம், ஏனென்றால் திட்டவிலக்கம், அதாவது தற்செயலால் வரும் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு, 500தான். பழைய ஆரில் வந்ததோ ஏறக்குறைய ஆறு இலட்சம் ஒற்றை, நான்கு இலட்சம் இரட்டை. 200 திட்டவிலக்கம் தள்ளி! இதைப் பார்த்த பிறகு யாரும் வாதாட முடியாது, அவரவர் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். "என் தரவில் ஏதோ சரியில்லை" என்று ஒருவர் எழுதி, கூடவே ஆயிரம் வரி நிரலையும் இணைத்திருந்தால் இந்தப் பிழை இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

திருத்தம் அழகானது. பெருக்குவதை விட்டுவிட்டார்கள். கேட்ட அளவுக்கு எத்தனை பிட் போதும் என்று சாம்பிள் முதலில் கணக்கிடுகிறது. 10 எண்களுக்கு 4 பிட் போதும், அதில் 0 முதல் 15 வரை எதுவும் வரலாம். 0 முதல் 9 வரை வந்தால் எடுத்துக்கொள், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடு. யாருக்கும் கூடுதல் பங்கு கிடையாது. நமது 171 கோடிக்கு 31 பிட் வேண்டும். அதில் 214 கோடிச் சொச்சம் வாய்ப்புகள், ஆக ஐந்தில் ஒன்று குப்பைக்குப் போகும். வீண்தானே என்றால், ஆமாம், வீண்தான். பிட் எண்ணிக்கையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் சராசரியாக இரண்டு முயற்சிக்கு மேல் போகாது. நேர்மைக்கு இந்த விலை மலிவு.

வாசகரின் வரிசை மாறியதும் இதனால்தான். பெருக்குவதற்குப் பதிலாகப் பிட்களை எடுப்பதால் அதே விதையிலிருந்து வேறு எண்கள் வருகின்றன, தூக்கிப் போட்டவை போக அடுத்தடுத்து வந்தவையும் முன்னே நகர்ந்துவிடுகின்றன. 10 எண்களைக் குலுக்கும்போது பழைய முறையின் சாய்வு 42 கோடியில் ஒரு பங்குகூட இருக்காது, அந்தப் பாடநூலின் விடையால் யாருக்கும் நஷ்டமில்லை. பத்து இலட்சம் எண்களில் ஒன்றைக் கேட்டால் சில எண்களுக்கு 4,294 பங்கு, சிலவற்றுக்கு 4,295. அங்கேயும் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் இத்தனை காலம் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை.

திருத்தியவர்களுக்கு உண்மையான தலைவலி இதற்குப் பிறகுதான். உலகெங்கும் வெளியான ஆய்வுகளிலும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல் தொகுப்புகள்) சோதனைகளிலும் பழைய எண்கள் அச்சாகிக் கிடக்கின்றன. இயல்புநிலையை மாற்றினால் அத்தனையும் பொருந்தாமல் போகும். மாற்றாவிட்டால் தெரிந்தே ஒரு சாய்வை விட்டுவைத்ததாகும். ஆர் குழு மாற்றியது, பழைய முறையையும் உள்ளேயே வைத்தது. ஆர்என்ஜிவெர்ஷன் என்ற ஃபங்ஷனில் "3.5.0" என்று கொடுத்தால் பழைய வரிசை அப்படியே வரும், கூடவே இது எல்லா எண்களுக்கும் சம வாய்ப்புத் தராத முறை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். என்னைக் கேட்டால், இதைவிடக் கண்ணியமாக ஒரு பிழையை ஒத்துக்கொள்ள முடியாது.

விதை எண் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 42, 123, பிறந்த தேதி என்று ராசியான எண் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தீங்கில்லை. ஆனால் முடிவு பிடித்த மாதிரி வரும்வரை விதையை மாற்றி மாற்றிப் போடுபவர்களும் உண்டு. அது எண்ஜோதிடம், புள்ளியியல் அல்ல.

பிழையைத் தெரிவிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டால் ஆர் இல்லை என்று சொல்லும். கணினி இரும எண்களில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் விளைவு இது, பிழையில்லை. ஆரின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் 7.31 என்ற எண்ணோடு இது காத்திருக்கிறது. அதையும் தாண்டிப் பிழைதான் என்றால், சமீபத்திய பதிப்பிலும் அது வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். கோளாறு உங்கள் பேக்கேஜிலா, ஆரின் அடித்தளத்திலா என்று பிரித்தறியுங்கள். பேக்கேஜ் என்றால் அதைப் பராமரிப்பவருக்கு, அடித்தளம் என்றால் ஆரின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவுக்கு எழுத வேண்டும். பதிப்பு எண், இயங்குதளம், எதை எதிர்பார்த்தீர்கள், எது வந்தது, விதை எண்ணோடு சில வரி நிரல். இவ்வளவு போதும்.

மறுமுனையில் இருப்பது இருபது பேர் அளவிலான ஒரு குழு. பெரும்பாலோருக்குச் சம்பளம் வேறு வேலையிலிருந்து வருகிறது. புதிய மென்பொருள் எழுத நிதி கேட்டால் தர ஆளிருக்கிறது, பழையதைப் பழுது பார்க்கக் கேட்டால் "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்பார்கள். சாம்பிளில் செய்த திருத்தம் சிறியதுதான். அதை எந்த நிதி விண்ணப்பத்தில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.