தற்றுணிபு: சொல் விளக்கம்

ஒரு செயலைச் செய்யவும் செய்யாமல் விடவும் சட்டம் அலுவலருக்கு இடமளித்து, எது தகும் என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடும்போது அதற்குத் தற்றுணிபு என்று பெயர். ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரிஷன்’ என்பர். தமிழ்நாட்டில் விருப்புரிமை என்ற சொல்லே மிகுதியும் வழங்குகிறது. தற்றுணிபு இலங்கைச் சட்டத் தமிழில் வேரூன்றிய சொல்.

ஆங்கிலச் சொல் ‘பிரித்தறிதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த வேரில் விருப்பத்திற்கு இடமில்லை. இங்கிலாந்தில் 1598இல் தீர்ப்பான ரூக் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தேம்ஸ் ஆற்றின் கரையைச் செப்பனிட்ட ஆணையர்கள், அதனால் பயன்பெறும் நிலக்காரர்கள் வேறு பலர் இருந்தும், முழுச் செலவையும் ஒருவர் தலையிலேயே சுமத்தினார்கள். சட்டம் தங்கள் தற்றுணிபுக்கு விட்டிருக்கிறது என்ற அவர்களின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தற்றுணிபு என்பது சரியையும் தவற்றையும் பகுத்தறியும் அறிவே தவிர, சொந்த விருப்பு வெறுப்பின்படி நடப்பதன்று என்று கூறி, செலவைப் பயன்பெறுவோர் எல்லாரும் பகிர வேண்டும் என்றது.

மக்களாட்சியில் இந்தச் சொல் அமைச்சர்களைவிடக் கடைநிலையில் மக்களை நேரில் சந்திக்கும் அலுவலர்களுக்கே அதிகம் பொருந்தும். காவலர் போன்ற அத்தகைய அலுவலர்கள் எடுக்கும் அன்றாட முடிவுகளே குடிமக்கள் கண்ணில் அரசின் கொள்கையாக நிற்கின்றன என்பதை அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் விரிவாக எடுத்துரைத்தார்.

கைது செய்யும் அதிகாரத்தைப் பார்ப்போம். கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தத் தக்க காரணம் இருப்பது வேறு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் கூறியது. ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் கைது செய்தால் ஏன் செய்தோம் என்றும், செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்றும் காவல் அலுவலர் எழுத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தக் காரணங்களை மனம் செலுத்திப் படிக்காமல் காவலில் வைக்க ஆணையிடக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் நீதித்துறை நடுவர்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது. காரணத்தை எழுதச் சொல்லும் இடத்தில் தன்னிச்சை நிற்க முடியாது. அதனால்தான் இந்த விதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனிச் சொல்லமைப்பு. தன் + துணிபு என்பது, பொன் + தகடு பொற்றகடு ஆவதுபோல், தற்றுணிபு ஆயிற்று. துணி என்ற வினைக்கு வெட்டுதல், தெளிதல், தீர்மானித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளில் துணிதல் எண்ணிய பின் வருவது. ஆகவே இலத்தீன் வேரின் பொருளுக்கு இதுவே நெருக்கமானது. விருப்புரிமை என்ற சொல்லோ, அலுவலர் தம் விருப்பம்போல் நடக்க உரிமை பெற்றவர் என்ற தவறான எண்ணத்தை அவரிடமும் மனுதாரரிடமும் விதைக்கிறது. ஆணைகளிலும் தீர்ப்புகளின் தமிழாக்கத்திலும் தற்றுணிபு, தற்றுணிபு அதிகாரம் என்றே எழுதலாம். மாவட்ட ஆட்சியரின் ‘விருப்புரிமை நிதி’ மட்டும் நிலைத்துவிட்ட பெயர் என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம்.