வடிகான் வெட்டுவதற்கு முன் ஆளணியைக் கேளுங்கள்

நவம்பரில் மழை இறங்கிவிட்டால் பிரதேச சபைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்லும். "எங்கட ஒழுங்கைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நிக்குது சேர், ஆரும் வந்து பாக்கேல்ல." திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் கோபம் எனக்கு எப்போதும் நியாயமாகவே பட்டது. ஆனால் தண்ணீர் ஏன் வடியவில்லை என்பது சபைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவு வெளியில் தெரிவதில்லை. தெரிந்தால்தான் சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க முடியும்.

இலங்கையில் ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. எஞ்சும் உள் வீதிகளும் ஒழுங்கைகளும் சபையின் தலையில். அலஸ்தோட்டத்தில் ஒரு ஒழுங்கையில் பெய்யும் மழை சபையின் வடிகானில் இறங்கி, பிரதான வீதியின் அடியில் உள்ள மதகைக் கடந்து, கடலை நெருங்கும்போது கரையோரம் பேணல் திணைக்களத்தின் எல்லைக்குள் போகிறது. நடுவில் மதகு அடைத்துக்கொண்டாலோ, வீதியைப் புதுப்பித்தபோது அதன் அடித்தளம் உயர்ந்துவிட்டாலோ, சபை தன் வடிகானை எத்தனை முறை வெட்டித் துப்புரவாக்கினாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அந்த மதகில் கைவைக்கச் சபைக்கு உரிமையில்லை. கடிதம் எழுதலாம். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கவேண்டுமானால் மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, இன்ன இடத்தில் இவ்வளவு உயர வித்தியாசம் என்று காட்ட வேண்டும். அதைச் செய்ய ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விடயம்.

அதிகாரப் பகிர்வைப் பற்றி நாம் 1987 முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் பிரதேச சபைகள் சட்டமும் அதே ஆண்டில் வந்தவை. அரசியலமைப்பின்படி நாடு ஒற்றையாட்சி நாடு; ஆயினும் ஒன்பதாம் அட்டவணை உள்ளூராட்சியை மாகாண சபை நிரலில் வைத்திருக்கிறது. சபைகளுக்கு ஏற்கனவே உள்ள அதிகாரங்களை மாகாணம் கூட்டலாம், குறைக்க முடியாது என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வீதி, வடிகான், சந்தை, கழிவு, மயானம், பொது நூலகம், கட்டட அனுமதி, உபவிதிகள் என்று சபைக்குச் சட்டம் கொடுத்தது சிறிய பட்டியல் அல்ல. கூடுதல் அதிகாரம் கேட்பது சரி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாத சபைக்குப் புதிய அதிகாரம் வந்தாலும் அது கோவைக்குள் ஒரு தாளாகவே கிடக்கும்.

ஒரு சபைக்கு எத்தனை சாரதி, எத்தனை தொழிலாளர், எத்தனை தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பதை அந்தச் சபை தீர்மானிப்பதில்லை. ஆளணி எனப்படும் இந்தப் பதவி எண்ணிக்கையைத் திறைசேரியின் கீழ் இயங்கும் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். நியமனம் மாகாணப் பொதுச் சேவையூடாக வர வேண்டும். அங்கீகரித்த எண்ணிக்கையே பழையது, ஊர் பெருத்த பிறகும் மாறாதது. அதிலும் வெற்றிடம். 2022 நெருக்கடியில் புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால் அந்த ஆண்டின் கடைசி நாளோடு அனுபவமுள்ள பலர் ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள். சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அனுமதி கிடைத்ததும் இளையவர்கள் பலர் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சம்பளத்தில் அப்போது குடும்பம் நடத்த முடியாது. மிஞ்சியவர்கள் இரண்டு, மூன்று சபைகளுக்குப் பதில் கடமை பார்த்தார்கள். திங்கள் ஒரு சபை, புதன் இன்னொரு சபை. இப்படி ஓடுகிற ஒருவர் மதிப்பீடு தயாரிப்பாரா, வேலைத்தளத்தில் கொங்கிறீட் கலவையைப் பார்ப்பாரா, ஒப்பந்தக்காரரின் பட்டியலைச் சரிபார்ப்பாரா? எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கும். நேரில் பார்த்தது சிலவற்றைத்தான்.

பணத்தின் கதையும் இதோடு பின்னியது. சபை ஊழியரின் சம்பளத்தில் பெரும்பங்கு அரசிடமிருந்து மாகாணம் வழியாக வருகிறது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் கையால் வந்து சேர வேண்டியவை, பிந்தியே வரும். சபை தானே எழுப்பக்கூடிய வருமானத்தில் முக்கியமானது வீடு, காணிகளுக்கான சோலை வரி. அது அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனமான இடத்தில்தான் அறவிடப்படலாம். ஆதனத்தின் பெறுமதியைக் கணிப்பது மத்திய அரசின் விலைமதிப்புத் திணைக்களம். மீள்மதிப்பீடு குறித்த காலத்தில் நடக்காவிட்டால், இரண்டு மாடி விடுதி எழுந்த காணிக்கும் ஓலை வீடு இருந்த காலத்து வரிதான் வரும்.

கடற்கரையோரச் சபைகளுக்கு இன்னொரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. சுற்றுலா அதிகார சபையில் பதிவான விடுதிகளிடமிருந்து அவற்றின் முந்தைய ஆண்டு வரும்படியில் 1 சதவீதம் வரை அனுமதிக் கட்டணமாகப் பெறலாம். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளை நினைத்துப் பாருங்கள். ஆனால் விடுதி தரும் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு வருமானப் பரிசோதகர் இருந்தால்தான் அந்த 1 சதவீதத்துக்குப் பொருள். இல்லாத இடத்தில் விடுதி கொடுப்பதே வருமானம்.

சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இந்த மாவட்டத்துக்கு வெளி உதவி நிறைய வந்தது. சந்தைக் கட்டடம், பசளை தயாரிக்கும் நிலையம், உழவு இயந்திரம், கழிவுநீர் பவுசர், பெக்கோ. நல்ல மனத்தோடு கொடுத்தார்கள், தேவையும் இருந்தது. கையளிப்பு விழாவில் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படும். அந்த இயந்திரத்துக்கு டயர் யார் வாங்குவது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சபையில் பவுசர் ஒன்று உறிஞ்சும் குழாய் பழுதாகி முற்றத்திலேயே துருப்பிடித்தது. உதிரிப்பாகம் பெரிய விலையல்ல. ஆனால் அந்த ஆண்டுப் பாதீட்டில் வாகனப் பராமரிப்புக்கு வைத்த பணம் டீசலோடு முடிந்துவிட்டது. பவுசர் ஓடியிருந்தால் வந்திருக்கும் கட்டணமும் இல்லாமல் போனது. பசளை நிலையங்களிலும் இதே நிலை. தரம் பிரிக்காத குப்பை வந்து கொட்டுகிறது, பிரிக்கத் தொழிலாளர் இல்லை, நிலையம் மெல்ல மெல்லக் குப்பை மேடாகிறது. திருகோணமலை நகரத்து மான்கள் பொலித்தீன் பைகளை மெல்லும் காட்சியைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளணிப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

ஒரு பொருளைக் கட்டியெழுப்பும் பணம் மூலதனச் செலவு. அதை ஓட்டும் பணம் மீண்டெழும் செலவு. முதலாவதைத் தர எல்லோரும் வருகிறார்கள், இரண்டாவதைத் தர ஆளில்லை. உலக வங்கியின் ஆதரவோடு 2010இல் தொடங்கிய நெல்சிப் என்ற உள்ளூர்ச் சேவை மேம்பாட்டுத் திட்டம் வடக்கு, கிழக்குச் சபைகளுக்குப் பணத்தோடு சேர்த்து மக்களை அழைத்துத் திட்டமிடும் பழக்கத்தையும் தந்தது. அது பெரிய காரியம். அந்த நாட்களில் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து எங்கள் மதிப்பீட்டைக் கேள்வி கேட்டார்கள். திட்டம் முடிந்ததும் பணம் நின்றது, பல இடங்களில் அந்தக் கூட்டங்களும் நின்றன.

பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லாமல் இருப்பதன் விலையைக் கிண்ணியா கொடுத்திருக்கிறது. 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பழைய பாலத்தின் இடத்தில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் அந்தப் படகில் கடந்தார்கள். அனுமதி கொடுத்தது யார், பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது யார், மாற்று வழி செய்ய வேண்டியது யார் என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் உரத்து எழுந்தன. நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபோது இந்தப் பகுதி எவ்வளவு மகிழ்ந்தது என்பது எனக்குத் தெரியும். பெரிய பாலங்களை மத்திய அரசு கட்டிவிடும். பிள்ளைகள் தினமும் கடக்கும் சிறிய துறையில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பது உள்ளூர் அதிகாரம் ஒன்றின் வேலை. அதற்கு ஒரு பதவியும் ஒரு ஆளும் ஒரு சம்பளமும் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் கேட்க வேண்டியவர்களும் இல்லாமல் போனார்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை, ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர் இல்லாமல் இருந்தன. அந்தக் காலத்தில் செயலாளர்கள் தனியே சுமந்தார்கள். ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது என்று சபை மண்டபத்தில் எழுந்து சொல்ல ஒரு வட்டார உறுப்பினர் இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கூடவே பல துறைகளின் அலுவலர்களையும் உள்ளாட்சியின் கீழ் மாற்றினார்கள். பணத்தோடு ஆளும் போனதுதான் அங்கே நாம் கவனிக்க வேண்டிய பகுதி.

இப்போது சபைகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் புதிய வீதி கேட்பதற்கு முன், இருக்கும் வீதிக்கும் வடிகானுக்கும் இந்த ஆண்டுப் பாதீட்டில் பராமரிப்புப் பணம் எவ்வளவு என்று கேளுங்கள். வரைவுப் பாதீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் நான்கு பேராவது போய்ப் பாருங்கள். பிரதேச சபைச் சட்டப்படி நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவைகள், சூழல் ஆகியவற்றுக்கான குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். ஓய்வுபெற்ற பொறியியலாளர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்கும்படி தவிசாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாய்ப் பதிலோடு திரும்ப வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, எந்தப் பதவி எப்போதிலிருந்து வெற்றிடம், அதை நிரப்பச் சபை யாருக்கு எந்தத் திகதியில் கடிதம் எழுதியது, பதில் என்ன என்று கேட்டு, கடிதங்களின் பிரதியையும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. சபை கடிதம் எழுதவில்லை என்று தெரிந்தால் சபையைக் கேளுங்கள். எழுதியும் பதில் வரவில்லை என்றால் அதே கேள்வியை மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள்.